விதைநெல்லும் வீட்டுப் பங்கும்

அறுவடை முடிந்து, சூடு மிதித்து, களத்திலே நெல்லைக் குவித்தபின் அனுபவமுள்ள கமக்காரர் முதலிற் செய்வது விதைநெல்லைப் பிரித்து வைப்பதாகும். கடன் கொடுத்தவர் வாசலில் நின்றாலும், சந்தையில் விலை ஏறியிருந்தாலும், அவர் அந்தப் பங்கிற் கை வைப்பதில்லை. விதைநெல்லை விற்பவர் அடுத்த போகத்தையே விற்பவராவார் என்பதை அவர் அறிவார்.

இப்பிரசுரத்தில் நாம் வற்புறுத்த விரும்புவது ஒன்றே. குடும்பத்தார் உண்ணவேண்டிய உணவும் விதைநெல்லைப் போன்றது. விளைவை விற்பதற்கு முன்னரே அதனையும் பிரித்து வைத்தல் வேண்டும். அந்தப் பங்கு உடலை மாத்திரம் வளர்ப்பதன்று. குழந்தையின் அறிவையும், உழைப்பவரின் ஊக்கத்தையும், முதியவரின் நினைவையும் காப்பதில் அதற்கு இடமுண்டு.

சப்பிரகமுவ மாகாணத்தில் நாம் காணும் காட்சி இதற்கு மாறானது. பலாங்கொடை, இறக்குவானை, தெரணியகலை, எட்டியாந்தோட்டைப் பகுதிகளிலே விடியுமுன்னரே பயிற்றங்காயும், பாகலும், வாழைக்குலையும், கீரைக் கட்டுகளும் லொறிகளில் ஏறிவிடுகின்றன. அவற்றை விளைவித்தவர் வீட்டிலோ பல நாட்களில் கோதுமை மா ரொட்டியும், தேங்காய்ச் சம்பலும், பாலில்லாத தேநீருமே உணவாகின்றன. தோட்டத்தில் கொழுந்து பறித்தும் பால் வெட்டியும் வந்தபின் ஓய்ந்த நேரத்தில் மரக்கறி செய்யும் குடும்பங்களிலும் இதே நிலைதான். நல்ல விளைவு வீட்டு வாசலைக் கடந்து வெளியே செல்கிறது, அடுப்படிக்கு வருவதில்லை.

மனமும் உடலைச் சார்ந்ததே

மனம் தளர்ந்த ஒருவரைக் கண்டால் கிரக தோஷம் என்பாருமுளர், சோம்பல் என்பாருமுளர். இவ்விரண்டும் பொருந்தா. மனத்திற்கு உறைவிடமாகிய மூளை, உடல் நிறையில் ஏறக்குறைய நூற்றுக்கு 2 பங்கேயாயினும், உடல் ஓய்ந்திருக்கும்போது செலவாகும் சக்தியில் நூற்றுக்கு 20 பங்களவை எடுத்துக்கொள்கிறது. அது செவ்வனே இயங்குதற்கு இரும்புச் சத்து, அயடீன், பீ வகை உயிர்ச்சத்துக்கள், புரதம், மீனிலுள்ள நல்ல கொழுப்பு ஆகியவை வேண்டும். இவற்றுள் ஒன்று குன்றினாலும் களைப்பும், எரிச்சலும், கவனக் குறைவும் தோன்றலாம்.

2017 ஆம் ஆண்டில் அவுஸ்திரேலிய ஆய்வாளர் வெளியிட்ட முடிவொன்று இங்கு நோக்கத்தக்கது. மனச்சோர்வால் வருந்திய 67 பேரை அவர்கள் இரு பிரிவாக்கினர். ஒரு பிரிவினருக்கு 12 வாரம் மரக்கறி, பழம், அவரையினம், தீட்டாத தானியம், மீன் ஆகியவற்றைக் கூட்டி உண்ணும் வழி கற்பிக்கப்பட்டது. மற்றப் பிரிவினரோடு உரையாடித் துணையிருந்தனர். முடிவில் முதற் பிரிவில் மூவரில் ஒருவர் அளவுக்கு மனச்சோர்வு நீங்கப்பெற்றனர். மற்றப் பிரிவில் நூற்றுக்கு 8 பேர் அளவினரே அந்நிலையை அடைந்தனர்.

இது சிறிய ஆய்வே. உணவு ஒன்றே மருந்து என்று நாம் கூறவில்லை. கடன், நோய், பரம்பரை, இழப்பு, வீட்டுச் சண்டை எனக் காரணங்கள் பலவுண்டு. வைத்தியர் கொடுத்த மாத்திரையை நிறுத்திவிட்டுக் கீரையை நம்புதல் பெருந்தவறாகும். ஆயினும், பசளையிடாத நிலத்திற் பயிர் நோய்க்கு எளிதில் ஆளாவது போல, ஊட்டமில்லாத உடலில் மனமும் எளிதில் தளரும்.

நாற்றுமேடைப் பருவம்

நாற்றுமேடையில் மெலிந்த நாற்றுக்குப் பின்னர் எவ்வளவு பசளையிட்டாலும் குறை முற்றாக நீங்காது. மனிதருக்கு நாற்றுமேடை என்பது கருவுற்ற நாள் தொட்டுப் பிள்ளைக்கு இரண்டு வயது நிரம்பும் வரையுள்ள ஏறக்குறைய 1,000 நாட்களாகும்.

1944-45 ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில், போர் முற்றுகையால் ஒல்லாந்தின் மேற்குப் பகுதியிற் கொடும் பஞ்சம் ஏற்பட்டது. அப்பஞ்சத்தின் உச்சத்திற் கருவானவர்களுள், கடும் மனநோய்க்கு ஆளானவர் தொகை ஏனையோரிலும் ஏறக்குறைய இருமடங்காக இருந்ததைப் பிற்காலத்து ஆய்வுகள் காட்டின. நம் தோட்டப்புறங்களும் பசியை அறியாதவையல்ல. 1973, 1974 ஆம் ஆண்டுகளில் உணவு அருகியபோது தோட்டங்களில் இறப்பு விகிதம் உயர்ந்தது. 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியிலும் மிகுதியாக வாடியவை தோட்டக் குடும்பங்களே. ஆதலின், கருவுற்ற தாயின் உணவைக் குறைத்து வேறெதையும் மிச்சம்பிடித்தல் ஆகாது.

நம் வீடுகளிற் பெரும்பாலும் கடைசியில் உண்பவள் தாய். மலையேறிக் கொழுந்து பறித்து வந்து, சமைத்துப் பரிமாறி, சட்டியில் எஞ்சியதை அவள் உண்கிறாள். வீட்டுப் பங்கு என்று நாம் கூறுவது முதலில் அவளுடைய பங்கையே. குடும்ப நல உத்தியோகத்தர் கொடுக்கும் இரும்பு, போலிக் அமில மாத்திரைகளை அவள் தவறாது உட்கொள்ள வேண்டும். 1973 இல் இந்நாட்டிற் தொடங்கப்பட்ட திரிபோஷாவும் தாய்க்கும் நிறை குறைந்த பிள்ளைக்குமே உரியது. அதனை வீட்டார் அனைவரும் பகிர்ந்துண்டால் எவருக்கும் பயனில்லை. பிள்ளை பெற்ற தாய் பல நாட்களாக அழுதும், உறங்காமலும், பிள்ளையை நோக்காமலும் இருப்பாளாயின், அவளைக் கடிந்துகொள்ளாது உடனே வைத்திய உதவியை நாடுதல் வேண்டும்.

அயடீன் பற்றியும் ஒன்று கூற வேண்டும். மழை மிகுந்த நாட்டின் தென்மேற்குப் பகுதி நெடுங்காலமாகக் கழலை நோய் காணப்பட்ட பகுதியாகும். தாயின் உடலில் அயடீன் குறைந்தால் குழந்தையின் மூளை வளர்ச்சி குன்றும். 1995 இலிருந்து உணவுக்கான உப்பில் அயடீன் சேர்ப்பது இந்நாட்டிற் கட்டாயமாக்கப்பட்டது. அவ்வுப்பை மூடிய பாத்திரத்தில் ஈரம்படாது வைத்து, கறி வெந்தபின் இடுதல் நன்று. திறந்த சிரட்டையில் அடுப்பருகே வைத்தால் அயடீன் வீணாகும்.

வளரும் பருவம்

உணவோடு அன்பும் விளையாட்டும் சேர வேண்டும் என்பதற்கு யமெய்க்காத் தீவில் நடந்த ஆய்வு சான்றாகும். அங்கு வளர்ச்சி குன்றிய சிறு பிள்ளைகளின் வீடுகளுக்கு இரண்டு ஆண்டுகள் வாரந்தோறும் சுகாதார ஊழியர் சென்று, பிள்ளையோடு பேசவும் விளையாடவும் தாய்மாருக்குக் கற்பித்தனர். அப்பிள்ளைகள் 17, 18 வயதை அடைந்தபோது அவர்களிடம் கவலையும் மனச்சோர்வும், அவ்வாறு கவனிக்கப்படாதவரிலும் குறைந்திருந்தன. வேலை முடிந்து பிள்ளைக் காம்பராவிலிருந்து குழந்தையை அழைத்துவரும் தாயோ தந்தையோ வழியில் அதனோடு பேசிக்கொண்டு வருவது காசு செலவில்லாத மருந்தாகும்.

பாடசாலைப் பிள்ளை வெறும் தேநீருடன் வீட்டை விட்டுச் செல்லலாகாது. முந்தைய நாட் சோற்றில் ஊறிய பழஞ்சோறாயினும், அவித்த பயறாயினும், மரவள்ளியோடு சிறிது நெத்தலிச் சம்பலாயினும் போதும். கிட்டும்போது ஒரு முட்டை மிக நன்று. பசித்த பிள்ளைக்குப் பாடம் ஏறாது; பாடம் ஏறாத பிள்ளை மந்தமெனப் பெயர் வாங்கும்; அப்பெயரே அதன் மனத்தை ஒடிக்கும்.

பருவமடைந்த பெண்பிள்ளைகளுக்கு இரும்புச் சத்து இன்றியமையாதது. நம் மாகாணத்துச் சேற்று வயல்கள் சிலவற்றில் இரும்பு மிகுந்து நெற்பயிரின் இலைகள் செம்பழுப்பாவதைக் கமக்காரர் அறிவர். வயலில் இரும்பு மிகுதி. வயலில் இறங்கும் பெண்களின் குருதியில் இரும்பு குறைவு. இந்நிலையை மாற்றும் வழி வீட்டிலேயே உண்டு. கீரை, பயறு, கௌப்பி, நெத்தலி, கருவாடு ஆகியவற்றை உண்ணும்போது தேசிக்காய்ப் புளியோ நெல்லிக்காயோ கொய்யாவோ சேர்த்தால் இரும்பு உடலில் நன்கு சேரும். உணவோடு தேநீர் அருந்தினாலோ அது தடைப்படும். தேயிலை விளையும் மாகாணத்தில் தேநீரை விடுமாறு எவரும் கூறார். உணவுக்கு ஒரு மணி நேரம் முன்னரோ பின்னரோ அருந்துக என்பதே எமது வேண்டுகோள்.

உழைக்கும் பருவம்

தீட்டிய வெள்ளையரிசி பார்வைக்கு அழகியது. ஆயினும் தவிட்டோடு பீ-1 உயிர்ச்சத்தின் பெரும்பகுதி நீங்கிவிடும். 19 ஆம் நூற்றாண்டின் இறுதியில் யாவாத் தீவிற் பணியாற்றிய ஐக்மன் என்னும் வைத்தியர், தீட்டிய அரிசியை உண்ட கோழிகள் நரம்புத் தளர்ச்சியுற்றதையும், தவிட்டோடு கூடிய அரிசியை உண்டபோது தேறியதையும் கண்டார். இவ்வழி தோன்றிய அறிவுக்காக 1929 இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. சொந்த வயலில் விளைந்த சிவப்பு நெல்லைப் புழுக்கி, அதிகம் தீட்டாமற் குற்றி, வீட்டுக்கென வைத்துக்கொள்வது அறிவுடைமை. அது நீரிழிவு உடையவருக்கும் ஏற்றது. நீரிழிவும் மனச்சோர்வும் பல வேளைகளிற் சேர்ந்தே வருவன.

இதே உயிர்ச்சத்தைக் குடிப்பழக்கம் குறைத்துவிடும். உணவின்றிக் குடிப்பவருக்கு நாளடைவில் நடை தள்ளாடும், நினைவு கெடும். உடல் வலி தீரவும் கவலை மறக்கவும் கசிப்பை நாடுகிறோம் என்பர். அது அன்றிரவு கவலையை மறைக்கும். மறுநாட் காலையில் இரட்டித்துக் கொடுக்கும். அன்றியும், அதற்குச் சென்ற காசு வீட்டாரின் முட்டையாகவும் மீனாகவும் இருந்திருக்க வேண்டிய காசு.

உறக்கத்தையும் உணவைப்போலவே எண்ண வேண்டும். இரவில் காட்டுப்பன்றிக்குக் காவல், விடியலில் பால்வெட்டு, பகலில் மரக்கறிப் பாத்தி என்று உழைப்பவரின் மனம் சிறு சொல்லுக்கும் வெடிக்கும். அயலவர் நாலைந்து பேர் முறைவைத்துக் காவல் காத்தால் ஒவ்வொருவருக்கும் வாரத்திற் பல இரவுகள் முழு உறக்கம் கிட்டும். சிங்களக் கிராமங்களில் அத்தம் என வழங்கும் வேலைமாற்று முறையும் இதனைச் சார்ந்ததே. ஒருவர் வயலில் மற்றவர் இறங்கி, சேர்ந்து உழைத்து, சேர்ந்து உண்ட காலத்தில் எவர் முகம் வாடியிருக்கிறது என்பது அனைவருக்கும் தெரிந்திருந்தது. இயந்திரம் வந்தபின் வேலை விரைவில் முடிகிறது. துயரப்படுபவரைக் காண்பவர் குறைந்துவிட்டனர். இயந்திரத்தை விலக்க வேண்டியதில்லை. கூடிப் பேசும் வழக்கத்தை விடாதிருத்தல் வேண்டும்.

முதிர்ந்த பருவம்

வயது முதிர்ந்தவர்க்குப் பல் இல்லை, பசி இல்லை என்று கஞ்சியும் தேநீருமே கொடுத்துவிடுகிறோம். பீ-12 உயிர்ச்சத்துக் குறைந்தால் மறதியும், சோர்வும், கைகால் விறைப்பும் தோன்றலாம். இச்சத்து மீன், முட்டை, பால், இறைச்சி ஆகியவற்றிலேயே இருப்பது; கீரையிற் கிடையாது. சைவ உணவு மாத்திரம் உண்பவர் பாலும் தயிரும் தவறாது கொள்வதோடு, மறதி தோன்றின் வைத்தியரிடம் காட்டுதல் வேண்டும். எல்லா மறதியும் முதுமையின் விதியன்று; சில தீர்க்கக்கூடியவை.

முதியவருக்கு உணவினும் அரியது வேலையாகும். கீரைப் பாத்திக்கு நீர் ஊற்றவும், விதை தெரிந்து காயவைக்கவும், பேரப்பிள்ளைக்குப் பயிரின் பெயர் கற்பிக்கவும் அவரை வேண்டிக்கொள்க. தாம் இன்னும் தேவைப்படுகிறோம் என்ற எண்ணம் அவரை நிமிர்த்தி வைக்கும்.

நஞ்சை வீட்டில் வையற்க

மனநலம் பற்றிக் கமக்காரருக்கு எழுதுபவர் ஒரு செய்தியை மறைத்தல் ஆகாது. 1995 ஆம் ஆண்டளவில் இந்நாட்டில் 1 இலட்சம் பேருக்கு ஏறக்குறைய 47 பேர் தம் உயிரைத் தாமே மாய்த்தனர். உலகிலேயே மிகவுயர்ந்த விகிதங்களுள் அது ஒன்று. அவ்விறப்புகளுட் பலவற்றுக்கு வயலுக்கென வாங்கிய பீடைகொல்லிகள் காரணமாயின. 1980 ஆம் ஆண்டின் பீடைகொல்லிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ், 1984 தொட்டு, மிகக் கொடிய நஞ்சுகள் படிப்படியாகத் தடைசெய்யப்பட்டன. 2005 ஆம் ஆண்டளவில் அவ்விகிதம் பாதியாகியது, பின்னரும் குறைந்தது. அத்தடைகளால் நெல் விளைச்சல் குன்றவில்லை என்பதையும் ஆய்வுகள் காட்டின.

இதிலிருந்து நாம் அறிவது யாது? மனவேதனையின் உச்சம் பெரும்பாலும் சிறிது நேரமே நிற்பது. அந்நேரத்தில் நஞ்சு எட்டாதிருந்தால் மனிதர் பிழைப்பர். பிழைத்தவருட் பெரும்பாலோர் பின்னர் வாழவே விரும்புவர். பெட்டியிற் பூட்டி வைத்தாற் போதும் என்று முன்னர் எண்ணினர். வடமத்திய மாகாணத்தில் 50,000 இற்கு மேற்பட்ட வீடுகளில் நடந்து 2017 இல் வெளியான ஆய்வு, பூட்டுப் பெட்டிகளைக் கொடுத்ததால் மாத்திரம் இவ்வகை நஞ்சூட்டல் குறையவில்லை என்று காட்டியது. ஆதலின், நஞ்சை வீட்டுக்குக் கொண்டுவராதிருத்தலே மேலானது. தேவை உண்மையில் உண்டா என்று விவசாயப் போதனாசிரியரிடம் கேட்டபின், அன்றைய தெளிப்புக்கு வேண்டிய அளவே வாங்குக. மிச்சம் வைக்க வேண்டாம்.

வீட்டிலோ அயலிலோ ஒருவர் உண்ணாது, உறங்காது, பேசாது ஒதுங்கினால், அல்லது வாழ்ந்தென்ன பயன் என்று கூறினால், அதனை விளையாட்டாகக் கொள்ளற்க. அருகிருந்து கேளுங்கள், தனியே விடாதீர்கள். இரத்தினபுரி, கேகாலை அரசாங்க வைத்தியசாலைகளில் மனநல வைத்தியரைக் காணலாம். தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்னும் தொலைபேசி எண்ணை எந்நேரமும் அழைக்கலாம். 1974 தொட்டு இயங்கிவரும் சுமித்ரயோ அமைப்பினரும் துயருற்றவரின் சொல்லைப் பொறுமையோடு கேட்பர். காய்ச்சலுக்கு வைத்தியரிடம் செல்வதில் வெட்கமில்லை. இதற்கும் வெட்கம் வேண்டியதில்லை.

வீட்டுப் பங்கை எடுக்கும் முறை

விற்றாற்றானே கடன் தீரும் என்று கமக்காரர் கேட்பது நியாயமே. கூலி குறைவாகவும், பசளை விலை உயர்வாகவும் உள்ள காலத்தில் வறியவரைக் குறை கூறுவது எமது நோக்கமன்று. ஆயினும் பத்துக் கட்டுக் கீரையில் ஒரு கட்டை நிறுத்திக்கொள்வதால் கடன் கூடிவிடாது. விதைநெல்லுக்கு இந்தக் கணக்கை நாம் கேட்பதில்லை. பிள்ளைக்கு மாத்திரம் ஏன் கேட்கிறோம்?

இலங்கைச் சுகாதார அமைச்சின் உணவு வழிகாட்டி நாளொன்றுக்கு இரண்டு வகை மரக்கறி, ஒரு கீரை, இரண்டு பழம் உண்ணுமாறு கூறுகிறது. இதனையே வீட்டுப் பங்கின் அளவாகக் கொள்ளலாம். வல்லாரை, பொன்னாங்காணி, பசளி ஆகியவை ஈர நிலத்திற் தாமே தழைப்பன. ஒரு பாத்தி வீட்டுக்கென ஒதுக்குக. வேலியிற் சிறகவரையைப் படரவிடுக. அதன் காயிலும் விதையிலும் புரதம் மிகுதி. முருங்கை நீர் தேங்கும் இடத்தில் நில்லாது, மேட்டிலே நடுக. பப்பாசி இரண்டு, பலா ஒன்று, ஈரப்பலா ஒன்று இருந்தால் பஞ்ச காலத்திலும் வீடு பட்டினி கிடவாது. லயத்தில் வாழ்வோர் வாசலோரத்துச் சிறு பாத்தியிலும் மண் நிரப்பிய சாக்குகளிலும் கீரை வளர்க்கலாம். தனிவீட்டுத் திட்டத்தில் 7 பேர்ச்சு நிலம் பெற்றோர் அதன் ஒரு மூலையையேனும் இதற்கு ஒதுக்குவாராக.

கணக்குப் புத்தகத்தில் விதை, பசளை, கூலி என்று எழுதுவதற்கு முன் முதல் வரியில் வீட்டுப் பங்கு என்று எழுதுக. லொறி வருவதற்கு முன் அதனைக் கூடையில் எடுத்து அடுப்படியில் வைத்துவிடுக. மாலையில் குடும்பத்தார் அனைவரும் ஒருங்கே இருந்து, தாயும் அவர்களோடு அமர்ந்து உண்ணும் வழக்கம் வந்தால், யார் வாடுகிறார் என்பதும் அங்கேயே தெரிந்துவிடும்.

நல்ல விதைநெல்லைக் காத்தவர் அடுத்த போகத்தில் அதன் பயனைக் காண்கிறார். வீட்டுப் பங்கைக் காத்தவர் அதன் பயனைத் தம் மக்களின் முகத்திற் காண்பார்.